ஆசாரத்துல ரெண்டு ஸ்பீக்கர்

இந்த வருஷம் மஞ்சள் வித்து முடிச்சதும், ரொம்ப நாள் ஆசையா இருந்த ஒரு சாமான் வாங்கினேன். ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், அதுக்குத் தோதா ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர். எல்லாம் சேர்த்து 27 ஆயிரம். ஒரு நல்ல கறவை எருமை விலையில பாதிகூட ஆகலைன்னு வீட்டுக்காரம்மாகிட்ட கணக்குச் சொன்னேன். "எருமை பால் கறக்கும், இது என்னங்க கறக்கும்?"னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு ஒரு மாசம் கழிச்சுத்தான் என்கிட்ட பதில் இருந்துச்சு.

நகரத்துல இருக்கிற நண்பர்கள் நிறையப் பேர் இந்த மாதிரி ஸ்பீக்கர் வெச்சிருப்பீங்க. அபார்ட்மென்ட் ஹால்ல அதை வைக்கிறது ஒரு மாதிரி. கோபி பக்கத்துல தோட்டத்து ஓட்டு வீட்டுல வைக்கிறது வேற மாதிரி. அதைத்தான் இங்க சொல்லப்போறேன். சொல்ல வேண்டிய இன்னொரு விஷயமும் அதுக்குள்ளேயே இருக்கு.

முதல்ல பெட்டியைப் பத்தி. ஒவ்வொண்ணும் ஒரு அடி உயரம், 5 கிலோ கனம். கீழ 5 இஞ்ச் வூஃபர், மேல 1 இஞ்ச் ட்வீட்டர். உள்ள கிராஸ்ஓவர்னு ஒரு சின்ன சர்க்யூட் இருக்கு. அதோட வேலை நம்ம வாய்க்கால் மடை மாதிரி. வர்ற சத்தத்துல கனமான பங்கை வூஃபருக்கும், கீச்சுப் பங்கை ட்வீட்டருக்கும் திருப்பி விடும். பெரும்பாலான பெட்டிகள்ல இந்தப் பிரிப்பு 2000, 3000 ஹெர்ட்ஸ் வாக்குல நடக்கும். பின்பக்கம் ஒரு ஓட்டை, போர்ட்டுன்னு சொல்றாங்க. உள்ள அடைபடுற காத்து அது வழியா வந்துபோய் அடித்தொனிக்கு பலம் குடுக்கும். அதனால பேருதான் புத்தக அலமாரி ஸ்பீக்கரே ஒழிய, பின்னால ஓட்டை இருக்கிற பெட்டியை அலமாரிக்குள்ள நெருக்கி வெச்சா குடத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்கும். எங்க வீட்டு அலமாரியில புத்தகத்தைவிட உரக்கடை பில்லும் சொட்டுநீர் வால்வும்தான் அதிகம்ங்கிறது தனி விஷயம்.

வைக்கிறதுக்கு ரெண்டு இடம் இருந்துச்சு. ஒண்ணு, நாலு வருஷம் முன்னால கட்டின காங்கிரீட் ரூம். 12க்கு 10. தரையில டைல்ஸ், சுவர்ல வழவழன்னு பட்டி பார்த்து பெயின்ட். ரூம் நடுவுல நின்னு ஒரு கை தட்டினா 'டர்ர்'னு எதிர்ச் சுவர்ல பட்டுப் பட்டுத் திரும்புது. பாட்டுப் போட்டா ஒரு வார்த்தையோட வால் அடுத்த வார்த்தையோட தலையில ஏறுது. இன்னொண்ணு ஆசாரம். எங்க பக்கம் பழைய வீடுகள்ல நடு ஹாலை அப்படித்தான் சொல்வோம். எங்க அப்பாரு காலத்துல கட்டினது, 20க்கு 12, மேல மங்களூர் ஓடு. ஓட்டுக்கு நடுவுல சந்து இருக்கிறதால அடித்தொனி கொஞ்சம் வெளியே ஓடிப்போயிடும். ஆனா எதிரொலி கம்மி. அப்பா நாள் முழுக்க உக்காந்திருக்கிற கயித்துக்கட்டிலும் அங்கதான் கிடக்கு. ஆசாரம்னு முடிவு பண்ணிட்டேன்.

இதுல ஒரு வேடிக்கை. மஞ்சள் மூட்டை ஆசாரத்துல ரெண்டு வரிசையா அடுக்கி இருந்த வரைக்கும் அங்க பேசினா பேச்சு கச்சிதமா கேக்கும். மூட்டை மார்க்கெட்டுக்குப் போன மறுநாள் அதே ஆசாரம் கணகணன்னு ஆயிடுச்சு. சாக்கு, பஞ்சு, வைக்கோல் எல்லாம் சத்தத்தைக் குடிக்கும். ஸ்டுடியோவுல சுவர்ல ஒட்டுற ஃபோம் செய்யிற வேலையை எங்க வீட்டுல சணல் சாக்கு செஞ்சுட்டு இருந்திருக்கு. எதை வித்து ஸ்பீக்கர் வாங்கினேனோ, ஸ்பீக்கருக்கு வேண்டியதும் அதுதான். மூட்டைக்குப் பதிலா தரையில ரெண்டு பவானி ஜமுக்காளம் விரிச்சேன். எதிர்ச் சுவர்ல இலவம்பஞ்சு மெத்தை ஒண்ணைச் சாய்ச்சு வெச்சேன். பாதிக்கு மேல சரியாயிடுச்சு. செலவு இல்லை.

அடுத்தது உயரம். ட்வீட்டர் காது மட்டத்துக்கு இருக்கணும். கீச்சுச் சத்தம் டார்ச் லைட் மாதிரி நேராப் போகும். காதுக்கு மேலயோ கீழயோ போனா மங்கிடும். கட்டில்ல உக்காந்தா அப்பா காது தரையில இருந்து மூணரை அடி. பெட்டியில ட்வீட்டர் முக்கால் அடி உயரத்துல இருக்கு. ஆக ரெண்டே முக்கால் அடிக்கு ஒரு ஸ்டாண்ட் வேணும். கடையில வாங்கப் போகலை. போன வருஷம் காத்துக்கு விழுந்த தென்னை மரம் களத்து மேட்டுல கிடந்தது. அடிப்பக்கத்துல ரெண்டு துண்டு அறுத்து, மேலயும் கீழயும் மட்டம் பார்த்து இழைச்சு வாங்கினேன். ரெண்டு ஆள் சேர்ந்துதான் நகர்த்த முடியும். ஸ்டாண்டுக்கு அந்தக் கனம் நல்லது, ஆடாது. பெட்டிக்கு அடியில சைக்கிள் டியூப்பை வெட்டி நாலு மூலைக்கும் வெச்சேன்.

ஒயரை அப்படியே விட்டா எலி கடிச்சிடும். அதனால மிச்சம் கிடந்த 16 எம்.எம். சொட்டுநீர்க் குழாய்க்குள்ள கோத்துச் சுவரோரமா கொண்டுபோனேன். போர்ட் ஓட்டையைப் பார்த்த உடனே குளவி கூடு கட்ட வந்துடும்னு தெரியும். கொசுவலைத் துணியை அதுமேல இழுத்து ஒட்டிட்டேன். பக்கத்துக் கிணத்து மோட்டார் ஓடுறப்ப வோல்டேஜ் இறங்கும்ங்கிறதால ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால ஒரு ஸ்டெபிலைசர். லேப்டாப் சார்ஜரோட இருந்தா மட்டும் ஸ்பீக்கர்ல ஒரு 'ம்ம்ம்' இரைச்சல் வருது. சார்ஜரைப் பிடுங்கினா போயிடுது. பாட்டுக் கேக்கிற நேரம் பேட்டரியில ஓட்டறேன்.

ஒயர் மாட்டறதுல ஒரு நுணுக்கம் இருக்கு. ரெண்டு பெட்டிக்கும் சிவப்பு சிவப்புக்கும், கறுப்பு கறுப்புக்கும் போகணும். ஒண்ணுல மட்டும் மாறிட்டா ரெண்டு வூஃபரும் எதிரெதிராத் தள்ளும். அடித்தொனி ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும். த்ரீ பேஸ் மோட்டார்ல ரெண்டு ஒயர் மாறினா தலைகீழாச் சுத்தி தண்ணி சரியா ஏறாது, பார்த்திருப்பீங்க. மோட்டார் ஓடும், வேலை நடக்காது. இதுவும் அதே கதைதான். சரியா இருக்கான்னு பார்க்க பழைய மோனோ பாட்டு ஒண்ணு போதும். நான் 1961ல வந்த பாவமன்னிப்பு படத்துப் பாட்டைப் போட்டேன். ரெண்டு பெட்டிக்கும் ஒரே சத்தம் போறதால குரல் ரெண்டுக்கும் நட்ட நடுவுல, ஒண்ணுமே இல்லாத வெறும் சுவர்ல இருந்து வரணும். வந்துச்சு. என் பொண்ணு எந்திரிச்சுப் போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்துட்டு வந்தா.

இப்ப முக்கியமான கட்டம். நல்லா இருக்கா இல்லையான்னு யார் சொல்றது?

நான் ஹெட்போன்ல கேட்டு வளர்ந்த ஆளு. அப்பா அப்படி இல்லை. 74 வயசு. சின்ன வயசுல விடிய விடிய அண்ணன்மார் கதை உடுக்கையடிப் பாட்டுக் கேட்டவர். கோயில் நோம்பியில பம்பைக்காரங்க பக்கத்துல நின்னவர். உடுக்கைன்னா நிஜ உடுக்கை எப்படி இருக்கும்னு அவருக்குத்தான் தெரியும். அதனால உடுக்கைப் பாட்டு ஒண்ணை முதல்ல போட்டேன். அப்ப ரெண்டு பெட்டியும் சுவரோரமா, மூலைக்குப் பக்கத்துல இருந்துச்சு.

கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "தோலு மழையில நனைஞ்சாப்புல இருக்குதே சாமி"ன்னாரு.

ரொம்பச் சரி. மூலையில வெச்சா ரெண்டு சுவரும் தரையும் சேர்ந்து அடித்தொனியை ஊதிப் பெருசாக்கும். உடுக்கையோட விண்ணுன்னு இழுக்கிற சத்தம் அதுக்குள்ள அமுங்கிப்போச்சு. பெட்டியைச் சுவர்ல இருந்து ரெண்டு அடி முன்னால நகர்த்தினேன். ரெண்டு பெட்டிக்கும் நடுவுல ஆறடி, கட்டிலுக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஆறடி. மூணு பக்கமும் சமமா ஒரு முக்கோணம். மறுபடி போட்டேன்.

"இப்ப காய்ஞ்சிருச்சு."

அடுத்து 1962ல வந்த கொஞ்சும் சலங்கை. எஸ். ஜானகியோட குரலும் காருக்குறிச்சி அருணாசலத்தோட நாதஸ்வரமும் மாறி மாறி வர்ற பாட்டு. மட்டமான ஸ்பீக்கர்ல ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்து காதைக் குத்தும். இதுல குரல் குரலா, நாதஸ்வரம் நாதஸ்வரமா தனித்தனியா நின்னுச்சு. அப்பா கண்ணை மூடிட்டாரு. அப்புறம் இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்', 1986ல வந்தது. வயலின்கள் இடமும் வலமும் பிரிஞ்சு நிக்கறது தெளிவா தெரிஞ்சுது. குறைன்னா, அடி ஆழம்தான். 5 இஞ்ச் வூஃபர் எவ்வளவு தள்ளும்? மிருதங்கத்தோட தொப்பிப் பக்கம் சத்தம் வருது, நெஞ்சுல வந்து மோதலை. அந்தக் காசுக்கு அது போதும்.

மூணாவது நாள் ராத்திரி ஒரு காரியம் பண்ணினேன். ஒன்பது மணிக்கு வாய்க்கால் மேட்டுல உக்காந்து போன்ல பத்து நிமிஷம் சும்மா பதிவு பண்ணினேன். மடையில விழற தண்ணி, தவளை, தூரத்துல ஒரு நாய், வரப்பு பூரா சில்வண்டு. மறுநாள் சாயங்காலம் ஆசாரத்துல போட்டேன். வீட்டுக்காரம்மா, "அய்யோ, சில்வண்டு காதைத் துளைக்குதுங்க, கொஞ்சம் கம்மி பண்ணுங்க"ன்னாங்க. அப்பா ரசிச்சுக் கேட்டுட்டு இருந்தாரு.

"மடைத் தண்ணி அப்படியே இருக்குது. தவளையும் நல்லாருக்குது."

"சில்வண்டுங்கப்பா?"

"அது எங்க இப்ப இருக்குது? மருந்தடிச்சு மருந்தடிச்சு அதெல்லாம் போயி எத்தனை வருசமாச்சு."

இதை அவர் பல வருஷமா சொல்லிட்டு இருக்காரு. வர்ற விருந்தாளிகிட்ட எல்லாம் சொல்வாரு. மருந்தால அழிஞ்சுபோன உயிர்களோட பட்டியல்ல சில்வண்டும் ஒண்ணு. பூச்சிமருந்து எத்தனையோ உயிரைக் கொன்னது நிஜம்தான். அதனால யாரும் அதை மறுத்துப் பேசினதில்லை.

பொண்ணுதான் சொன்னா: "தாத்தா, அதுதான் இப்பக் கத்திட்டு இருக்குது!"

அப்பா அவளைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. ஸ்பீக்கரைப் பார்த்தாரு. ஒண்ணும் சொல்லலை. பதிவு முடியிற வரைக்கும் தலையைக் கொஞ்சம் சாய்ச்சு வெச்சு உக்காந்திருந்தாரு.

சில்வண்டு கத்தறது 4000, 5000 ஹெர்ட்ஸ், அதுக்கும் மேல. தவளையும் தண்ணியும் உடுக்கையும் பெரும்பாலும் அதுக்குக் கீழ. ராத்திரி போன்ல ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, அதே ஸ்பீக்கர் வழியா ஒவ்வொரு சத்தமா விட்டுப் பார்த்தோம். பொண்ணுக்கு 17 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் கேட்டுச்சு. எனக்கு 13 ஆயிரத்துல நின்னுச்சு. அப்பாவுக்கு 3000 தாண்டினதும் கை இறங்கிடுச்சு. இது மருத்துவச் சோதனை இல்லை, ஆனா எங்க போகணும்னு காட்டுச்சு.

அப்பாவோட காது எங்க போச்சுன்னு யோசிச்சா ஒண்ணும் மர்மம் இல்லை. கரன்ட் கனெக்‌ஷன் வர்ற வரைக்கும் கிணத்துல ஆயில் இன்ஜின். அது பக்கத்துலயே கட்டிலைப் போட்டுப் படுத்துத் தண்ணி பாய்ச்சினாரு. கரும்பாலை ஓட்டின வருஷங்கள்ல அங்கேயும் இன்ஜின். அதுக்கப்புறம் கேபின் இல்லாத டிராக்டர் 25 வருஷம். நம்ம உள்காதுல நத்தை ஓடு மாதிரி ஒரு உறுப்பு இருக்கு. அதுக்குள்ள மெல்லிசான முடி செல்கள். கீச்சுச் சத்தத்தைப் பிடிக்கிற செல்கள் வாசல் பக்கமா இருக்கு. பெரும் சத்தத்துல முதல்ல சாகறது அதுங்கதான். மனுஷனுக்கு ஒருதரம் போனா திரும்ப முளைக்காது.

இதுல சில்வண்டு போறது சின்ன இழப்பு. பேச்சுல உயிரெழுத்துகளோட சத்தம் கனமானது. க, ச, த, ப மாதிரி எழுத்துகளைப் பிரிச்சுக் காட்டற நுனிச் சத்தம் மேல இருக்கு. அது போயிட்டா பேச்சு கேக்கும், ஆனா புரியாது. கட்டு, தட்டு, பட்டு மூணும் ஒண்ணுதான். அம்மா "தட்டுப் போடுங்க"ன்னா மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடாம, கயித்துக் கட்டை எடுத்துட்டு வந்து நிப்பாரு. "வேணும்னே பண்றாரு"ன்னு அம்மா சொல்லும். கூட்டம் கூடுற இடத்துல அப்பா ரெண்டு மூணு வருஷமா சும்மா தலையாட்டிட்டு உக்காந்திருக்காரு. கல்யாண வீட்டுக்குப் போனா மொய் எழுதிட்டு உடனே கிளம்பிடறாரு. பழைய ஆளு, ஊர்ப் பஞ்சாயத்துல முதல் வார்த்தை பேசினவரு. அந்தப் பேச்சு குறைஞ்சதுக்கு வயசுன்னு ஊர்ல பேரு வெச்சிருந்தாங்க.

ஈரோட்டுல காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். சத்தம் புகாத சின்ன ரூம்ல உக்காரவெச்சு சோதிச்சு ஒரு வரைபடம் குடுத்தாங்க. 1000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கோடு ஓரளவு மேலேயே போகுது, 2000க்கு அப்புறம் கிணத்துப் படி மாதிரி இறங்குது. ரெண்டு காதுக்கும் மெஷின் வைக்கணும்னாங்க. கீச்சுப் பக்கத்தை மட்டும் ஏத்திக் குடுக்கிற மாதிரி அதை அவர் காதுக்குன்னே அமைப்பாங்களாம்.

"மெஷின் மாட்டிட்டு சந்தைக்குப் போனா, செவிடன் வர்றான்னு மாட்டு வியாபாரி வெலையக் கொறச்சுக் கேப்பான்"னாரு அப்பா. கேலிக்குச் சொல்லலை, நிஜமாவே அதுதான் அவர் கவலை.

அம்மா அன்னைக்கு ஒரே வார்த்தைதான் சொல்லுச்சு: "அவன் சொல்ற வெலை காதுல விழாம தலையாட்டறீங்களே, அதுக்கு இது தேவலைங்க."

இப்ப ஒரு மாசமா சோதனைக்குன்னு குடுத்த மெஷினைப் போட்டுட்டு இருக்காரு. நாள் பூரா இல்லை. பாத்திரம் விழற சத்தம் இடி மாதிரி இருக்குதுன்னு மத்தியானம் கழட்டி வெச்சிடறாரு. சாயங்காலம் செய்திக்கு மாட்டிக்கறாரு. பழகறதுக்குச் சில வாரம் ஆகும்னு டாக்டர் சொல்லித்தான் அனுப்பினாரு. டி.வி.யோட சத்தத்தை இந்த ஸ்பீக்கருக்கே இழுத்துட்டேன். ஆம்ப்ளிஃபையர்ல பேஸ் குமிழைக் குறைச்சு, ட்ரெபிளைக் கொஞ்சம் ஏத்தி, கட்டிலை இன்னும் ஒரு அடி முன்னால போட்டேன். முன்னால வாசல் வரைக்கும் அலறிட்டு இருந்த செய்தி இப்ப பாதிச் சத்தத்துல ஓடுது.

உங்க வீட்டுலயும் பெரியவங்க டி.வி.யை அலறவிடறாங்கன்னா, ரிமோட்டைப் பிடுங்கறதுக்கு முன்னால இதை யோசிச்சுப் பாருங்க. சத்தத்தை ஏத்தினா கனமான பங்கும் சேர்ந்து ஏறி, கேக்காத நுனிச் சத்தத்தை இன்னும் மூடும். தூரத்தைக் குறைங்க. பெட்டியை அவங்க காது மட்டத்துக்குக் கொண்டு வாங்க. டைல்ஸ் மேல எதையாவது விரிங்க. அப்புறம் காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. ஸ்பீக்கர் வைத்தியம் பண்ணாது. எங்க வீட்டுல அது கறந்தது ஒரே ஒரு தகவல், அவ்வளவுதான்.

அந்தத் தகவல்ல என் பங்கும் இருக்கு. எனக்கு 43 வயசு. டிராக்டர் சீட்ல உக்காந்து போன் ஆப்ல அளந்தா ரொட்டவேட்டர் ஓடறப்ப 94 டெசிபல் வாக்குல காட்டுது. 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் காது தாங்கும்னு ஒரு கணக்கு இருக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாக் குறையும். அப்படிப் பார்த்தா 94க்கு ஒரு மணி நேரம்தான். நான் ஓட்டறது அஞ்சு, ஆறு மணி நேரம். இப்ப காதை முழுசா மூடற இயர்மஃப் ஒண்ணு வாங்கி ஸ்டியரிங்ல தொங்கவிட்டிருக்கேன்.

அப்பாவுக்கு அதுல ஒரு சந்தேகம். "இதை மாட்டிக்கிட்டா இன்ஜின் தெணறுறது எப்படித் தெரியும்? காதுலதானே ஓட்டறோம்?" நியாயமான கேள்வி. எங்க கியர் மாத்தணும், எங்க மண்ணு இறுகிக் கிடக்குதுன்னு எங்களுக்கு இன்ஜின் சத்தம்தான் சொல்லும். போட்டுப் பாருங்கன்னு குடுத்தேன். மெஷினைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுட்டு, மஃபை மாட்டிக்கிட்டு வடக்குக் காட்டுல ஒரு சால் ஓட்டிட்டு வந்தாரு.

"தெரியுது. ஓட்டு"ன்னாரு.